ஊரும் தேதியும் இல்லாத வேண்டுகோள்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியாத்தத்திலிருந்து அக்காவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். மாலையில் காப்பி போட்டுக்கொண்டிருந்த என் முகத்துக்கு நேராகக் கைப்பேசியை நீட்டி, "சித்தி, இதப் பாருங்களேன்" என்றாள். அவளுடைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு தோழி பகிர்ந்த செய்தி அது. முடி முழுவதும் கொட்டிப்போன ஒரு சிறுமி, மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, முகக்கவசம் தாடைக்குக் கீழே இறங்கியிருக்க, மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறாள். இடது கையில் ஊசி குத்திய இடத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி. படத்துக்குக் கீழே, "இந்தப் பிஞ்சுக்கு இறுதி மணித்துளிகள், ஒரு தாயின் கண்ணீர், கல்நெஞ்சம் உள்ளவர்கள் மட்டும் கடந்து செல்லுங்கள்" என்று எழுதியிருந்தது. நான்கைந்து பேர் கைகூப்பிய படங்களைப் போட்டிருந்தார்கள். ஒரு பெண் "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதியிருந்தாள்.

அந்தச் சிறுமி இவள்தான். படம் எடுக்கப்பட்டபோது அவளுக்கு ஏழு வயது. பகிர்ந்த தோழிக்கோ இரங்கல் சொன்ன பெண்ணுக்கோ அது தெரியாது. அவர்கள் தினமும் பக்கத்துப் பெஞ்சில் பார்க்கும் அடர்ந்த சடை போட்ட பெண்ணுக்கும் அந்த மொட்டைத் தலைக் குழந்தைக்கும் வெளிப்பார்வைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. "என்னை சாவடிச்சிட்டாங்க சித்தி" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. ஆனால் அந்தக் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதாமல் வெளியே வந்துவிட்டதாகச் சொன்னாள். எனக்கு அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்தச் செய்தியை முதன்முதலில் எழுதியவள் நான்.

வேலூர் கொசப்பேட்டையில் அப்பா நடத்திய சிறிய அச்சகத்தை, டிரெடில் இயந்திரம் போய்க் கணினி வந்த பிறகு, இப்போது நான் நடத்திவருகிறேன். திருமணப் பத்திரிகை, பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று எழுத்தோடுதான் என் நாள் முழுவதும் கழிகிறது. சிறுமியாக இருந்தபோது அச்சகத்துக்கு வந்த ஒரு வகை நோட்டீஸ் இன்றும் நினைவில் இருக்கிறது. திருப்பதி ஏழுமலையான் பெயரிலோ வேறொரு தெய்வத்தின் பெயரிலோ ஓர் அற்புதம் சொல்லப்பட்டிருக்கும்; இதைப் படிப்பவர் ஆயிரம் பிரதி அச்சடித்து விநியோகித்தால் குடும்பத்தில் தீராத நோய் தீரும், அலட்சியம் செய்தவருக்கு நஷ்டம் வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது என்று முடியும். அதையே 15 காசு தபால் அட்டையில் கையால் எழுதி அனுப்பியவர்களும் உண்டு. வீட்டில் நோயாளி இருக்கும்போது அந்த அட்டை வந்துவிட்டால், நம்பிக்கை இல்லாதவர்கள்கூட எதற்கு வம்பு என்று பதினைந்து இருபது அட்டை வாங்கி எழுதிப் போட்டுவிடுவார்கள்.

அப்பா அந்த நோட்டீஸை அச்சடிக்க மறுத்ததில்லை, வயிற்றுப்பாடு. ஆனால் அடியில், சிறிய எழுத்தில், எங்கள் அச்சகத்தின் பெயரையும் வேலூர் என்ற ஊர்ப் பெயரையும் கோக்காமல் ஃபாரத்தை, அதாவது எழுத்துக் கோத்த சட்டத்தை, இயந்திரத்தில் ஏற்ற மாட்டார். 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. அச்சிடப்பட்ட எந்தத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் தெளிவாக இருக்க வேண்டும். சட்டத்துக்குப் பயந்து மட்டும் அவர் அதைச் செய்யவில்லை. "நாளைக்கு எவனாவது இத எடுத்துகினு வந்து கேட்டா, நாம இருக்கணும்மா" என்பார். தேதியையும் விட மாட்டார். ஒரு காகிதம் எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது என்பதை அந்தக் காகிதமே சொல்ல வேண்டும் என்பது அவருடைய தொழில் ஒழுக்கம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள் நான்.

2014 ஜூலையில் அக்கா மகளுக்குக் காய்ச்சல் விடாமல் வந்து, காலில் காரணமில்லாமல் கன்றிப்போன தடங்கள் தெரிய, குடியாத்தத்து மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு உடனே வேலூருக்கு அனுப்பினார். கடுமையான லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்றார்கள். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் ரத்தப் புற்றுநோய் அதுதான், பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது, ஆனால் சிகிச்சை இரண்டரை மூன்று ஆண்டுகள் நீளும் என்று பொறுமையாக விளக்கினார்கள். எங்களுக்கு "ரத்தப் புற்றுநோய்" என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. முதல் கட்ட மருந்துகள் நோயணுக்களோடு நல்ல அணுக்களையும் குறைத்துவிட, ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் அவளுடைய ரத்தத் தட்டணுக்கள், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டுகள், 9,000-க்கு இறங்கின. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை. பிளேட்லெட் ஏற்ற வேண்டும். இயந்திரத்தின் மூலம் தட்டணுக்களை மட்டும் பிரித்தெடுத்து மீதி ரத்தத்தைக் கொடையாளியின் உடம்புக்கே திருப்பிவிடும் முறையில் ஒருவர் கொடுத்தால் நல்லது என்றார்கள். அவளுடைய பிரிவு ஏ நெகட்டிவ். நம் நாட்டில் நெகட்டிவ் பிரிவுக்காரர்கள் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர்தான். அதில் ஏ நெகட்டிவ் இன்னும் குறைவு.

ஆகஸ்டு 12, செவ்வாய்க்கிழமை காலை, அச்சகத்தில் உட்கார்ந்து நான் எழுதிய வரிகள் இவை: "வேலூர், 12.08.2014. ஏழு வயதுச் சிறுமியின் சிகிச்சைக்கு ஏ நெகட்டிவ் பிரிவுத் தட்டணுக்கள் தேவை. இன்றும் நாளையும் மட்டும். 18 வயது நிரம்பிய, இயன்றவர்கள் கீழ்க்காணும் எண்ணில் சிறுமியின் தந்தையை அழைக்கவும். தேவை முடிந்ததும் தெரிவிப்போம்." ஊரும் தேதியும் முதலில் வந்தன. அப்பா இருந்திருந்தால் புரூஃபில் ஒரு திருத்தமும் போட்டிருக்க மாட்டார்.

பகல் ஒரு மணி வரை மூன்று அழைப்புகள்தான் வந்தன. மூன்றும் விசாரிப்பு. அக்காவின் கணவரான மாமாவின் நண்பர் ஒருவர், "போட்டோ இல்லாம போட்டா எவன் படிப்பான்? பாப்பா படத்தப் போடு" என்றார். அக்கா வேண்டாம் என்றாள். மாமா என்னைப் பார்த்தார். நான்தான் "போடலாம் மாமா" என்றேன். முந்தின நாள் அவளே உற்சாகமாக உட்கார்ந்து எடுக்கச் சொன்ன படம் அது. படம் சேர்ந்த பிறகு இரவு பத்து மணிக்குள் அறுபதுக்கு மேல் அழைப்புகள் வந்தன. காட்பாடிப் பக்கம் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், தேர்வுக்கு நடுவில், பேருந்தேறி வந்து ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு டம்ளர் பழச்சாறுக்கு மேல் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆகவே, உணர்ச்சியைத் தூண்டும் செய்திகளால் பயனே இல்லை என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் அது நன்றி கெட்ட பேச்சாகும். அந்தப் படம் இல்லாமல் அந்த மாணவர் வந்திருக்க மாட்டார்.

வியாழக்கிழமை, "தேவை முடிந்தது, அனைவருக்கும் நன்றி" என்று எழுதி அனுப்பினோம். முதல் செய்தியை எத்தனை பேர் பிறருக்கு ஃபார்வர்டு செய்து முன்னே தள்ளினார்களோ, அதில் நூற்றில் ஒரு பங்குகூட இரண்டாவது செய்தியைத் தள்ளவில்லை. நன்றிச் செய்தியில் கண்ணீர் இல்லை அல்லவா.

அதற்குப் பிறகு நடந்ததை, எழுத்துக் கோப்பவள் என்ற முறையில், நான் ஒரு கோப்பில் சேர்த்துவைத்திருக்கிறேன். முதல் ஆண்டுக்குள்ளேயே தேதி உதிர்ந்துவிட்டது. "இன்றும் நாளையும் மட்டும்" என்ற வரி போய், "அவசரம்! அவசரம்!" வந்தது. யாரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்திருக்க மாட்டார்கள். பழைய தேதியைப் பார்த்தால் ஆட்கள் அலட்சியப்படுத்துவார்களே என்று ஒருவர் அதை எடுத்திருக்கலாம். 2017 வாக்கில் "ஏழை விவசாயியின் ஒரே மகள்" ஆனாள். மாமா குடியாத்தத்தில் லுங்கிக் கடையில் கணக்கு எழுதுகிறவர். அவளுக்கு ஒரு தம்பியும் இருக்கிறான். இன்னொரு வடிவத்தில் தந்தை கைவிட்டு ஓடிவிட்டார், தாய் தெருவில் நிற்கிறாள். அந்த வடிவத்தைப் படித்த நாளில் மாமா இரவு சாப்பிடவில்லை. அதிலும் அவருடைய எண்ணே கீழே இருந்தது. அப்புறம் வேலூர் கோயம்புத்தூர் ஆயிற்று, ஏ நெகட்டிவ் ஓ நெகட்டிவ் ஆயிற்று. "ஒரு ஷேருக்கு 1 ரூபாய் ஃபேஸ்புக் நிறுவனம் தரும்" என்ற வரி ஒட்டிக்கொண்டது. அப்படி எந்த நிறுவனமும் பகிர்வை எண்ணி நோயாளிக்குப் பணம் தருவதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மின்னஞ்சல் காலத்திலிருந்து பல பெயர்களில் ஓடிக்கொண்டிருக்கும் பொய் அது. கடைசியாக "இறுதி மணித்துளிகள்" வந்தது. நான் எழுதிய சொற்களில் இன்று மிஞ்சியிருப்பது "ஏழு வயது" ஒன்றுதான். அவள் வளரவே இல்லை.

நோயைப் பற்றிய ஒரு வேண்டுகோளில் தகவல்கள் ஏன் இப்படி உதிர்ந்துபோகின்றன, கண்ணீர் மட்டும் ஏன் தங்குகிறது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் வெளியிட்ட ஒரு சோதனையைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் விளங்கியது. பங்கேற்றவர்கள் கையில் 5 டாலர் இருந்தது. ஆப்பிரிக்காவில் பட்டினியால் வாடும் லட்சக்கணக்கானோரைப் பற்றிய கணக்குகளைப் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். ஒரே ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் பார்த்தவர்கள் 2.38 டாலர் கொடுத்தார்கள். அந்தச் சிறுமியோடு அதே கணக்குகளையும் சேர்த்துக் காட்டியபோது தொகை 1.43 டாலருக்கு இறங்கிவிட்டது. ஒரு முகத்தைப் பார்த்து இளகிய மனம், பக்கத்தில் ஓர் எண்ணைக் கண்டதும் இறுகிவிடுகிறது. என் செய்தியிலிருந்து தேதியையும் பிரிவையும் ஊரையும் கழற்றியவர்கள் இந்த ஆய்வைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் கையிலிருந்து கைக்குப் போகும்போது எது கனமாக இருக்கிறதோ அதைத்தான் மனிதர்கள் இறக்கிவைக்கிறார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. கிரெய்க் ஷெர்கோல்டு என்ற இங்கிலாந்துச் சிறுவனுக்கு மூளையில் கட்டி வந்தது. 1989-இல், நலம் பெற வாழ்த்தும் அட்டைகளை அதிகம் பெற்றவன் என்ற கின்னஸ் சாதனையை அவன் செய்யட்டும் என்று ஒரு வேண்டுகோள் கிளம்பியது. அடுத்த ஆண்டுக்குள் 1.6 கோடிக்கும் மேல் அட்டைகள் குவிந்தன. 1991-இல் அறுவை சிகிச்சையில் கட்டி அகற்றப்பட்டு அவன் பிழைத்துக்கொண்டான். அட்டைகள் மட்டும் நிற்கவில்லை. தொலைநகலில் ஏறி, மின்னஞ்சலில் ஏறி, பெயர் மாறி, முகவரி மாறி, அவன் வளர்ந்து வாலிபன் ஆன பிறகும் ஆண்டுக் கணக்கில் வந்துகொண்டே இருந்தன. அட்டை அனுப்பிய அத்தனை பேருக்கும் அவன் என்றும் ஒரு சிறுவன்தான்.

ரத்தம் கேட்டு வரும் செய்தியில் தேதி இல்லாமற்போவது எவ்வளவு பெரிய குறை என்பதை, தட்டணுக்களின் ஆயுளைத் தெரிந்துகொண்டால் புரிந்துகொள்ளலாம். கொடையாளியிடமிருந்து எடுத்த தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில், பொதுவாக ஐந்து நாள் வரைதான் வைத்திருக்க முடியும். ஐந்து நாளில் காலாவதி ஆகும் ஒரு பொருளைக் கேட்டு எழுதிய செய்தி பத்து ஆண்டுகளைத் தாண்டி ஓடுகிறது. அதனால் அழைக்கிறவர்களின் நேரம் வீணாகிறது என்பதோடு இது முடிவதில்லை. இரண்டு மூன்று முறை பொய்யான எண்ணுக்கு அழைத்து ஏமாந்தவர், நான்காவது முறை உண்மையான குழந்தைக்கு வரும் செய்தியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

இனி, நோயாளியின் வீட்டுக்கு உள்ளே வரும் செய்திகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. சிகிச்சை நடந்த மூன்று ஆண்டுகளும் அக்காவின் கைப்பேசிக்கு உறவினர்கள் அனுப்பிய செய்திகளுக்கு அளவே இல்லை. எலுமிச்சம்பழம், சூடான தேங்காய்த் தண்ணீர், முள்சீத்தா என்று ஒவ்வொன்றும் புற்றுநோயை வேரோடு அழிக்கும் என்றும், மருந்து நிறுவனங்கள் இதை மறைக்கின்றன என்றும், உங்கள் பிள்ளை மேல் பாசம் இருந்தால் இன்றே கொடுங்கள் என்றும் சொல்லின. அந்தக் கடைசி வரிதான் அக்காவை வதைத்தது. கொடுக்காவிட்டால் பாசம் இல்லை என்றுதானே அதற்குப் பொருள்?

ஒரு நாள் மாமாவின் அம்மா, மேல்பட்டியிலிருந்து, ஒரு துணிப்பை நிறைய நித்தியகல்யாணி இலை பறித்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் பக்கம் சுடுகாட்டுப் பூ என்றும் சொல்லும் அதே இளஞ்சிவப்புப் பூச்செடி. யாரோ அனுப்பிய காணொளியில், அழுகிற ஒரு தாய், இந்த இலையின் கஷாயம்தான் தன் மகனைக் காப்பாற்றியது என்று சொல்லியிருக்கிறாள். "கொழந்தைக்கு ஊசி போட்டுப் போட்டு ஒடம்பே கரியாப் போச்சு. இதக் காய்ச்சி ஒரு வாய் குடுத்துப் பாரு. எனக்கு வேற இன்னா வோணும்?" என்று அந்த ஆயா பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவருடைய அழுகையில் ஒரு துளியும் பொய் இல்லை.

அந்தக் காணொளியில் ஓர் உண்மையின் துணுக்கு இருந்தது; ஆபத்தே அதில்தான் இருந்தது. குழந்தைக்கு வாரந்தோறும் ரத்தக் குழாயில் செலுத்திய மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1960-களிலிருந்து பயன்பாட்டில் இருப்பது. ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல், எடையும் உயரமும் கணக்கிட்டு, ரத்தக் குழாயில் மட்டும் போட வேண்டிய மருந்து. தவறி முதுகுத்தண்டில் ஏற்றிவிட்டால் உயிரையே எடுத்துவிடும். அதே செடியின் இலையைக் கைக்கணக்கில் காய்ச்சினால் அதில் என்னென்ன நஞ்சு எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே இருந்த செவிலியர் ஒருவர் ஆயாவைத் திட்டவில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வாரத்து மருந்துக் குப்பியைக் காட்டி, "பாட்டி, நீங்க பறிச்சுகினு வந்த செடியத்தான் நாங்களும் குடுக்குறோம். அளந்து குடுக்குறோம்" என்றார். ஆயா அந்தக் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பையை அன்று மாலையே வெளியே கொட்டிவிட்டார். உணர்ச்சியோடு வந்தவருக்கு உணர்ச்சி குறையாமல் ஓர் உண்மையைக் கொடுக்க முடியும் என்பதை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். எத்தனை வீடுகளில் அப்படி ஒரு செவிலியர் இருக்கிறார்?

பயமும் பாசத்தைப் போலவேதான் பயணம் செய்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கெல்லாம் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் போட ஏற்பாடு. அப்போது வாட்ஸ்அப்பில் ஓடிய குரல் பதிவுகளில், பெற்றோர்களே உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று யாரென்றே தெரியாத குரல்கள் தழுதழுத்தன. பல பெற்றோர்கள் அந்த நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை மார்ச்சு வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் அது வேறு விதமாக உறைத்தது. சிகிச்சையில் இருந்த இவளுக்கு, வலுக்குறைத்த உயிருள்ள கிருமிகளைக் கொண்ட அத்தகைய தடுப்பூசியைப் போட முடியாது. சுற்றியிருக்கும் பிள்ளைகள் போட்டுக்கொண்டால்தான் இவளுக்குப் பாதுகாப்பு. அந்தக் குரல் பதிவைக் கேட்டுவிட்டுத் தன் மகனுக்கு ஊசி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண், இவளுக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்துகொண்டிருந்தவர்.

அடுத்த ஆண்டு மே மாதம், பழைய வடஆர்க்காட்டைச் சேர்ந்த போளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்து, வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணி ஊரார் அடித்தே கொன்றார்கள். கைப்பேசிகளில் பல நாளாகச் சுற்றிய வதந்திகள்தான் அந்த அச்சத்தை ஊட்டியிருந்தன. அது நோய்ச் செய்தி அன்று. ஆனால் "உங்கள் குழந்தைக்கு ஆபத்து" என்ற அதே ஊற்றிலிருந்து வந்தது. நாடு முழுவதும் இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகுதான், 2018 ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் முன்னே தள்ள முடியாது என்ற வரம்பை வாட்ஸ்அப் இந்தியாவில் கொண்டுவந்தது. பலமுறை தள்ளப்பட்ட செய்திக்கு இரட்டை அம்புக்குறி இடும் வழக்கம் அதற்கும் பிந்தியது. அந்த இரட்டை அம்புக்குறியை நான் மதிக்கிறேன். அப்பா கோத்த அந்தச் சிறிய எழுத்து அடிவரிக்கு இப்போது மிச்சமிருப்பது அதுதான். ஆனால் அது பல கை மாறியது என்பதைச் சொல்கிறதே தவிர எங்கே பிறந்தது என்பதைச் சொல்வதில்லை.

வேலூர்க்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு பொறுப்பு உண்டு என்று நான் கருதுகிறேன். அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. மருத்துவமனையின் பெயர், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகளை ரயிலேற்றிக் காட்பாடியில் இறக்கிக்கொண்டிருக்கிறது. காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை இல்லாத விடுதி குறைவு. நோய்க்கு உதவி கேட்கும் செய்தி ஒன்றில் "வேலூரில் அனுமதிக்கப்பட்டுள்ளார்" என்று இருந்தால், அந்த ஊர்ப் பெயரே ஒரு சான்றிதழ் போல வேலை செய்கிறது; நோய் கடுமை, ஆட்கள் உண்மை என்று படிப்பவர் முடிவுகட்டிவிடுகிறார். என் கடைக்கே, லேமினேட் செய்துகொள்ள, மருத்துவ அறிக்கையின் நகலோடு சேர்த்த வேண்டுகோள் அட்டைகள் வருகின்றன. ரயிலில் பயணிகளின் மடியில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும் அட்டைகள். தேதி இல்லாமல் அடிக்க மாட்டேன் என்கிறேன். சிலர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். சிலர் உட்கார்ந்து தேதி சொல்கிறார்கள். அப்படி உட்கார்ந்தவர்களிடம் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்பேன். 2009-இல் கலைஞர் பெயரில் தொடங்கிய திட்டம் இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது. கண்ணீர் மல்கக் கைப்பேசியில் வேண்டுகோள் விடுத்துக்கொண்டிருந்த ஆம்பூர்க் குடும்பம் ஒன்றுக்கு, தங்கள் பெயர் அந்தத் திட்டத்தில் ஏற்கெனவே இருப்பது தெரியவில்லை. அவர்களுடைய செய்தியைப் பகிர்ந்த நூற்றுக்கணக்கானோரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. பகிர்ந்ததோடு தங்கள் பங்கு முடிந்தது என்று நிம்மதி அடைந்துவிட்டார்கள். எனக்கு வருத்தம் அந்த நிம்மதியின் மேல்தான். ஒரு விரல் அசைவில் கிடைக்கும் அந்த ஆறுதல், எழுந்து போய்ச் செய்ய வேண்டிய காரியத்துக்கான உந்துதலைத் தின்றுவிடுகிறது.

அதே நேரம், முகம் காட்டிக் கேட்பதே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 2021-இல் தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்றுக்கு, தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கான 16 கோடி ரூபாய் மரபணு மருந்தை வாங்க, முன்பின் தெரியாத மக்கள் பணம் சேர்த்தார்கள். இறக்குமதி வரியை ஒன்றிய அரசு விட்டுக்கொடுத்தது. அந்த வேண்டுகோளுக்குப் பெற்றோர் பொறுப்பாக நின்றார்கள், எவ்வளவு சேர்ந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், போதும் என்றும் சொன்னார்கள். கேட்டவர் யார் என்று தெரிந்தால், போதும் என்று சொல்லவும் ஓர் ஆள் இருப்பார்.

அன்று மாலை அக்கா மகளிடம், படத்தைப் போடச் சொன்னவள் நான்தான் என்று சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ என்னைக் கேட்டீங்களா சித்தி?" என்றாள். கேட்கவில்லை. ஏழு வயதுக் குழந்தையிடம் கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. என் கோப்பிலிருந்து 2014-இன் முதல் வரிகளை எடுத்துக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். மறுநாள் தன் வகுப்புக் குழுவில் திரும்பச் சேர்ந்து, அது தன் படம், 2014-இல் எடுத்தது, தான் நன்றாக இருக்கிறேன், இந்தச் செய்தியை அழித்துவிடுங்கள் என்று நான்கு வரி எழுதியிருக்கிறாள். இரங்கல் எழுதிய பெண் வீட்டுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

மாமா அந்த எண்ணை இன்னும் மாற்றவில்லை. மாற்றிவிடுங்கள் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டோம். மாதத்துக்கு இரண்டு மூன்று அழைப்பாவது வருகிறது. சில மாதங்களில் எங்கிருந்தோ செய்தி மறுபடி கிளம்பிவிட்டால் ஒரே நாளில் இருபது. ஒவ்வொருவரிடமும், மகள் குணமாகிவிட்டாள், கல்லூரியில் படிக்கிறாள், நீங்கள் அழைத்ததற்கு நன்றி என்று சொல்கிறார். பிறகு, "உங்களுக்கு இன்னா குரூப்புங்க? எந்த ஊரு?" என்று கேட்டு, கடையில் கணக்கு எழுதும் அதே நீளமான நோட்டில் குறித்துக்கொள்கிறார். குடியாத்தத்திலும் சுற்றுவட்டாரத்திலும் யாருக்காவது அரிய பிரிவு தேவைப்பட்டால் இப்போது அந்த நோட்டைத்தான் தேடி வருகிறார்கள். போன வாரம் நான் போயிருந்தபோது இரவு பதினொரு மணிக்கு ஓசூரிலிருந்து ஒருவர் அழைத்தார். வேலை முடிந்து பேருந்தில் உட்கார்ந்ததும் செய்தியைப் பார்த்தாராம், ஓ நெகட்டிவ், இப்போதே கிளம்பி வரட்டுமா என்று கேட்டார். மாமா பேசிக்கொண்டே நோட்டைத் திறந்து, பெயரைக் கேட்பதற்கு முன்பு, இடது ஓரத்தில் அன்றைய தேதியைப் போட்டார்.